முன்சீற்று அக்காவும் வல்லை வெளிச் சத்தமும்

ஒரு சத்தம் கேட்டால் அது எங்கிருந்து வருகிறது என்று அக்காவுக்குத் தெரிந்தாக வேண்டும். தெரியும்வரை அவருக்குச் சோறு இறங்காது. பக்கத்தில் இருக்கிற எங்களையும் நிம்மதியாகச் சாப்பிட விடமாட்டார்.

அவருக்கு நல்ல பெயர் ஒன்று இருந்தது. ஆனால் காரில் போய்வந்த நாங்கள் எல்லோரும் அவரை முன்சீற்று அக்கா என்றுதான் சொல்லுவோம். கார் அவருடையது. வடகரையில், கடலைப் பார்த்த ஊரில் அவருடைய வீடு. பள்ளிக்கூடம் நல்லூர்ப் பக்கம். காலையில் அவர் ஊரிலிருந்து புறப்பட்டு உடுப்பிட்டிக்கு வரும் காரில் நானும் எங்கள் விஞ்ஞான மாஸ்ரரும் ஏறிக்கொள்வோம். முன்சீற்றில், டிறைவருக்குப் பக்கத்தில், அக்கா. பின்சீற்றில் நாங்கள் இரண்டு பேரும், நடுவில் மாஸ்ரரின் குடையும். காரை ஓட்டியவர் அக்காவின் ஊர்ப் பெடியன். கலியாணம் முடித்து ஒரு பிள்ளையும் இருந்தது, ஆனாலும் அக்காவுக்கு அவர் தம்பிதான். நான் அப்போதுதான் படிப்பிக்கத் தொடங்கியிருந்தேன். அறுபதுகளின் தொடக்கம்.

கையில் கண்ணாடி வளையல் போட்டுக்கொண்டு காரில் ஏறினால் தொலைந்தேன். "பிள்ளை, கையை மடியிலை வை. எனக்குக் கார் கேக்கேல்லை" என்பார், திரும்பிப் பாராமலே. கார் எதற்காகக் கேட்கவேண்டும் என்று எனக்கு எரிச்சலாக வரும். வாய்விட்டுச் சொல்ல மாட்டேன்.

பள்ளிக்கூடத்தில் ஒருநாள் ஆசிரியர் அறையில் எதுவோ சுரண்டுகிற சத்தம். எலியாக்கும் என்று நாங்கள் பாணும் சம்பலும் தின்றுகொண்டிருந்தோம். அக்கா சாப்பாட்டுப் பெட்டியை மூடிவைத்துவிட்டு எழும்பினார். அலுமாரியைத் திறந்தார், சுருட்டிவைத்த தேசப்படங்களை ஒவ்வொன்றாகத் தட்டினார், கடைசியில் மேலே தூசி பிடித்துக் கிடந்த பூகோள உருண்டையை இறக்கிக் காதோடு வைத்தார். உருண்டையின் அடியில் ஓட்டை. அதற்குள் ஒரு வண்டு.

"உலகத்துக்குள்ளை வண்டு பூந்திட்டுது" என்று மாஸ்ரர் சொல்ல, எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அக்கா சிரிக்கவில்லை. யன்னலோரம் கொண்டுபோய் உருண்டையைக் கவிழ்த்துத் தட்டி வண்டைப் பறக்கவிட்டார்.

"சும்மா ஒண்டும் சத்தம் போடாது, பிள்ளை" என்றார் என்னிடம். இந்த வசனத்தை அதற்குப் பிறகு எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன்.

அவரைப் பற்றிக் குறையாக எழுதுகிறேன் என்று நினைக்கவேண்டாம். எங்களோடு படிப்பித்த ஒரு ரீச்சரின் கலியாண வீட்டில் மேளம் அடங்கிய சின்ன இடைவெளியில் அக்கா என் முழங்கையை இடித்தார். "தண்ணி சொட்டுது." எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவர் எழும்பி மணவறைப் பக்கம் போய், ஏதோ பூவைச் சரிசெய்கிறவர் மாதிரிக் குனிந்தார். நிறைகுடத்தில் மெல்லிய வெடிப்பு. மாப்பிள்ளையின் தாய் கண்டிருந்தால் அபசகுனம் என்று ஊர் இரண்டுபட்டிருக்கும். அக்கா வாழையிலையை மடித்து அடியில் வைத்து, தாலி கட்டி முடியும்வரை அந்தக் குடத்துக்குப் பக்கத்திலேயே நின்றார். கலியாணப் பொம்பிளைக்கு இன்றுவரை தெரியாது.

எங்கள் வீட்டுக்கு ஒருமுறை வந்தார். அம்மா தேத்தண்ணி கொண்டுவர முதலே, "உங்கடை கிணத்துக் கப்பி அழுகுதே, கேக்கேல்லையோ?" என்றார். நாங்கள் பிறந்த நாள் தொட்டு அந்தக் கப்பி அப்படித்தான் கத்தும். எண்ணெய் விட்ட பிறகு அன்று பின்னேரம் முற்றத்தில் எதையோ காணாதது மாதிரி இருந்தது. அம்மா அவரைத் திட்டினாள்.

அக்காவின் நெற்றியில் எப்போதும் பெரிய குங்குமப் பொட்டு. கழுத்தில் தாலிக்கொடி. இதைப்பற்றித்தான் ஊரில் குசுகுசுப்பு.

அவருடைய கணவர் பாய்க்கப்பலில் போய்வந்தவர். இந்தியக் கரைக்குச் சாமான் ஏற்றிப்போகிற கப்பல். ஓர் ஐப்பசியில் போனது திரும்பி வரவில்லை. புயலில் அகப்பட்டது என்றார்கள். வேறு கரையில் ஒதுங்கியது என்றும் சொன்னார்கள். ஒரு பலகைகூட வந்து சேரவில்லை. அதில் போன மற்றவர்களின் வீட்டில் ஒரு வருடம் பார்த்துவிட்டு, தர்ப்பையில் உருவம் செய்து கொள்ளிவைத்து, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் செய்து முடித்துவிட்டார்கள். அக்கா மட்டும் மாட்டேன் என்று நின்றார். இரண்டு வருடமாகத் தமையன் கிழமைக்கொரு தடவை வந்து கேட்பார்.

"ஊர் கதைக்குது. செத்தவனுக்குச் செய்யவேண்டியதைச் செய்யாட்டில் அவன்ரை ஆத்துமா அலையும்."

"ஆளைக் காணேல்லை அண்ணை. காணேல்லை எண்டால் காணேல்லை எண்டுதான் அர்த்தம். வேறை அர்த்தம் வைக்காதையுங்கோ."

இதைக் காருக்கு வெளியே நின்று அவர் சொன்னதை நானே கேட்டிருக்கிறேன். சொல்லிவிட்டு முன்சீற்றில் ஏறி, கதவைச் சாத்தி, "எடு தம்பி" என்றார். அன்று நல்லூர் வரும்வரை எந்தச் சத்தத்தையும் பற்றி அவர் கேட்கவில்லை.

கணவரைப் பற்றி அவரே ஒருநாள் சொன்னார். மாஸ்ரருக்குக் காய்ச்சல், அன்றைக்கு மட்டும் அக்கா என்னோடு பின்சீற்றில் வந்து இருந்தார்.

"அவருக்கு என்னிலை ஒரு நக்கல், பிள்ளை. ஊரிலை இருக்கிற சத்தம் எல்லாம் உனக்குத் தெரியும், உன்ரை புருசன்ரை கார் வாற சத்தம் மட்டும் தெரியாது எண்டுவார். உண்மைதான். மற்றக் கார் மாதிரித்தானே இதுவும். அவர் படலையடியிலை வந்து நிண்ட பிறகுதான் நான் உலையே வைப்பன்." சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "கடைசியாப் போகேக்கை சொன்னவர், காரிலை உனக்கு ஒரு சாமான் வைச்சிருக்கிறன், வந்து காட்டுறன், தேடாதை எண்டு. நான் அண்டைக்கே தேடினன். சீற்றைக் கழட்டிப் பாத்தன், டிக்கியைப் பாத்தன். ஒண்டும் இல்லை."

"பகிடிக்குச் சொல்லியிருப்பாரோ, அக்கா?"

"பகிடிக்காரர்தான். ஆனால் பொய் சொல்லமாட்டார்."

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. வளையலை மேலே தள்ளிவிட்டுக்கொண்டு இருந்தேன்.

அடுத்த தை பிறந்தது. காருக்கு மேலே கரியரில் ஒரு பழைய படங்கு மடித்துக் கட்டியபடி கிடக்கும். பாய்க்கப்பலின் கிழிந்த பாயில் வெட்டியது, கணவர் கட்டிவிட்டுப் போனது. தோட்டத்தில் கிண்டிப் போட்ட வெங்காயம் மழையில் நனையப்போகிறது என்று தமையன் ஓடிவந்து அந்தப் படங்கை அவிழ்த்துக்கொண்டு போனார். அக்கா முகத்தைச் சுளித்தாலும் வெங்காயத்துக்காகப் பேசாமல் விட்டார். மற்றவர்கள் அதைக் கவனிக்கவே இல்லை.

அந்தக் கிழமைதான் சத்தம் தொடங்கியது.

உடுப்பிட்டியைத் தாண்டினால் வல்லை வெளி. மரமும் இல்லை, வேலியும் இல்லை. இரண்டு பக்கமும் உப்புத்தரை, ஒரு பாலம், ஒரு முனியப்பர் கோயில், மிச்சமெல்லாம் காற்று. கார் வெளியில் இறங்கியதும் எங்கேயோ ஒரு மெல்லிய அழுகை கிளம்பியது. கார் வேகம் பிடிக்க அதுவும் ஏறியது. வெளி முடிந்து பனைகளுக்குள் நுழைந்ததும் நின்றது.

அக்கா இடது கையைத் தூக்கினார். அப்படித் தூக்கினால் நாங்கள் மூச்சு விடுவதையும் குறைக்கவேண்டும்.

"பட்டம் ரீச்சரக்கா" என்றார் டிறைவர்.

எங்களுக்கும் அதுதான் தோன்றியது. தை மாதத்தில் வடமராட்சியில் பட்டம் இல்லாத வானம் எங்கே? எங்கள் பக்கத்துப் பட்டத்துக்கு மேலே விண் கட்டுவார்கள். வளைத்த தடியில் மெல்லிய நாரை இழுத்துக் கட்டினால், காற்றுப் படப்பட அது கூவும். இரவிரவாகப் பனையில் கட்டிவிட்டு, அந்தக் கூவலைக் கேட்டபடி ஊரே நித்திரை கொள்ளும். அந்த மாதத்தில் எது அழுதாலும் எங்களுக்குப் பட்டம்தான்.

"பட்டமெண்டால் ஒரு இடத்திலை நிக்கும்" என்றார் அக்கா. "இது எங்களோடை வருது."

அதற்குப் பிறகு எங்கள் காலைப் பயணம் பயணமாக இருக்கவில்லை. மாஸ்ரர் முதல் நாளே தீர்ப்புச் சொல்லிவிட்டார், சில்லுப் பெயாரிங் என்று. குடையின் ஒரு முனையைக் காரின் அடித்தட்டில் ஊன்றி, மற்ற முனையைக் காதில் வைத்துக்கொண்டு, "பின் இடது பக்கம். சந்தேகமே இல்லை" என்றார். கார் மானிப்பாயில் ஒரு கராச்சுக்குப் போனது. அங்கே சில்லைக் கழற்றி, கிறீஸ் பூசி, ஒழுங்கைக்குள் இரண்டு சுற்று ஓட்டிக் காட்டினார்கள். ஒரு முனகலும் இல்லை. மறுநாள் வல்லை வெளியில் பழையபடி அழுதது.

"அப்ப முன் வலது பக்கம்" என்றார் மாஸ்ரர், கொஞ்சமும் வெட்கமில்லாமல்.

டிறைவருக்கு வேறு நினைப்பு. முனியப்பர் கோயிலடியில் காரை நிறுத்தி, இறங்கிக் கும்பிட்டு, திருநீறு பூசிக்கொண்டு வந்துதான் எல்லா டிறைவர்மாரும் அந்த வெளியைத் தாண்டுவார்கள். மார்கழியில் ஒருநாள் அவசரத்தில் தான் நிறுத்தாமல் போய்விட்டதாகவும், அதற்குத்தான் முனி காரோடு தொற்றிக்கொண்டு வருகிறார் என்றும் அவர் சொன்னார். தேங்காய் உடைத்தார். பின்னேரம் திரும்பி வரும்போதும் அது அழுதது.

"இன்னும் ஒண்டு உடைக்கவேணும் போலை" என்றார்.

"நீ தேங்காய் முழுக்க உடைச்சால் நாங்கள் என்னத்தைத் திருவிச் சம்பல் இடிக்கிறது?" என்றார் அக்கா.

தேடுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. கதவு றப்பருக்குள் கடதாசி திணித்தார். யன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, பொட்டெல்லாம் கலைய, காற்றைக் காதால் வாங்கினார். சீற்றுக்குக் கீழே கேட்கிறதா என்று பார்க்க என்னைக் குனியவைத்ததில் என் கொண்டையின் பூ முழுக்க மாஸ்ரரின் சப்பாத்தில் கொட்டுண்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது. "சும்மா ஒண்டும் சத்தம் போடாது" என்றார் அக்கா, அது எனக்கு ஆறுதல் மாதிரி.

பிறகு ஒரு காலை. நல்ல வாடைக்காற்று. வெளி தொடங்கியதும் அழுகையும் தொடங்கியது, அதுவரை இல்லாத பலத்தோடு.

"தம்பி, எஞ்சினை நிப்பாட்டு."

கார் சத்தமில்லாமல் உருண்டது. எஞ்சின் இல்லை. அழுகை இருந்தது.

"எஞ்சின் இல்லை" என்றார் அக்கா. "பிறேக்கைப் போடு."

கார் நின்றது. சில்லும் நின்றுவிட்டது. அப்போதும் அது கூவியது. காற்றுத் தணிய இறங்கி, காற்று எழும்ப ஏறிக் கூவியது. மாஸ்ரரின் பெயாரிங் அந்த இடத்திலேயே செத்தது. டிறைவர் கதவைத் திறந்துகொண்டு கோயில் பக்கம் ஓட்டமாக ஓடினார். பொய் சொல்வானேன், எனக்கும் பின்னால் ஓடவேண்டும்போல் இருந்தது.

அக்கா மட்டும் இறங்கி நின்று மேலே பார்த்தார். சேலையை இடுப்பில் செருகினார். முன்கதவைத் திறந்து, கதவுப் படியில் காலை ஊன்றி ஏறினார். விழுந்துவிடுவாரோ என்று மற்றப் பக்கக் கதவுப் படியில் நானும் ஏறினேன். அதனால்தான் கண்டேன்.

கரியரின் முன் கம்பி இரண்டுக்கும் நடுவே, மெல்லிதாகச் சீவிய பிரம்பு நார் ஒன்று இழுத்துக் கட்டியிருந்தது. படங்கு கிடந்த இடம். படங்கு இருந்தவரை காற்று அதில் படவில்லை. இரண்டு முனையிலும் கப்பல்காரர் போடுகிற முடிச்சு, அளவாக, அழகாக.

அக்கா ஒரு விரலை நீட்டி நாரில் வைத்தார். சத்தம் நின்றது. விரலை எடுத்தார். கூவியது. திரும்ப வைத்தார். காற்றில் அவர் தலைமயிர் முகமெல்லாம் அடித்தது, அவர் ஒதுக்கவில்லை. அந்த முடிச்சைத் தடவினார். பிரிக்கவில்லை.

"என்ன ரீச்சர், பிடிபட்டுதோ?" என்று மாஸ்ரர் உள்ளேயிருந்து கூப்பிட்டார்.

அக்கா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை இப்போதும் என்னால் சொல்லமுடியவில்லை. கெஞ்சல் என்றுதான் சொல்லவேண்டும். யாரிடமும் கெஞ்சாத மனுசி.

"இல்லை மாஸ்ரர்" என்றார். "ஒண்டும் இல்லை."

பள்ளிக்கூடம் விட்டதும் என்னை மட்டும் நல்லூர்க் கோயில் வீதிக்குக் கூட்டிக்கொண்டு போனார். வெயிலில் ஒரு சுற்றுச் சுற்றினோம். இரண்டாவது சுற்றில் சொன்னார்.

"அவர் கட்டினதுதான். விண் கட்டுறதிலை எங்கடை கரையிலை அவரை விட ஆளில்லை. தன்ரை கார் வாறது எனக்குத் தூரத்திலையே கேக்கட்டும் எண்டு கட்டியிருக்கிறார்."

"ஓம் அக்கா."

"தேடாதை எண்டவர், பிள்ளை. வந்து காட்டுறன் எண்டவர்." நடந்துகொண்டே அழுதார். "நான் கண்டுட்டன் எண்டால், பிறகு அவர் வந்து என்னத்தைக் காட்டுறது?"

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். வளையல் சத்தம் போட்டது. அவர் ஒன்றும் சொல்லவில்லை.

"நான் காணேல்லை. நீயும் காணேல்லை. விளங்குதோ?"

"விளங்குது அக்கா."

அடுத்த நாள் காலை கார் வரும்போது படங்கு பழையபடி கரியரில் இருந்தது. தமையனின் வெங்காயத்துக்குப் பனையோலைப் பாய்தான் கிடைத்தது. வல்லை வெளியில் இறங்கினோம். காற்று மட்டும் கேட்டது.

"பாத்தியளோ, கிறீஸ் இப்பதான் ஊறிப் பிடிச்சிருக்கு" என்றார் மாஸ்ரர். இரண்டாவது தேங்காய் தான் இரகசியமாக உடைத்தது என்று டிறைவர் சொன்னார். இரண்டு பேரும் கோப்பாய் வரும்வரை சண்டை பிடித்தார்கள். அக்கா நேரே பார்த்துக்கொண்டு இருந்தார்.

யாராவது பிறகு கேட்டால், "அந்தச் சத்தமோ? இன்னும் பிடிபடேல்லை. தேடிக்கொண்டிருக்கிறம்" என்பார். வேறு சத்தங்களைத் தேடுவதையும் அவர் விடவில்லை. அடுத்த மாதமே அதிபரின் கதிரைக்குள் ஓர் ஆணியைக் கண்டுபிடித்தார். ஆனால் தமையன் அந்தியேட்டிப் பேச்சை எடுத்தால் முன்போலச் சண்டை போடமாட்டார். "பாப்பம் அண்ணை" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிவிடுவார். அந்தப் 'பாப்பம்' முடியவே இல்லை.

நான் கலியாணம் முடித்து மானிப்பாய்க்குப் போனேன். பிள்ளைகள், வீடு, வேறு பள்ளிக்கூடம். இங்கே இருந்து வடகரை ஒன்றும் தூரமில்லை, பஸ்ஸில் போய்விடலாம். போகவில்லை. பஸ்ஸிலோ வீட்டிலோ ஏதாவது கிறீச்சிட்டால், இதை அக்கா கேட்டிருந்தால் விட்டிருப்பாரா என்று நினைப்பேன். பல தடவை, ஒரு காரணமும் இல்லாமல், அந்த முன்சீற்றின் பின்பக்கத்தையும் அதற்கு மேலே தெரிகிற கொண்டையையும் பார்க்கவேண்டும்போல் மனம் தவித்திருக்கிறது.

எழுபதுகள் முடிகிற நேரம், ஒரு தைப்பொங்கலுக்கு மறுநாள்தான் போனேன். தமையன் செத்துப்போயிருந்தார். அக்கா நரைத்து, மெலிந்து, அதே பெரிய பொட்டோடு இருந்தார். படலையில் நின்று மூன்று தரம் கூப்பிட்டேன். திரும்பவில்லை. கிட்டப்போய்த் தோளைத் தொட்ட பிறகுதான் என்னைக் கண்டார்.

"காது போட்டுது, பிள்ளை" என்றார் சிரித்தபடி. "உரத்துக் கதை."

வண்டு சுரண்டியதைக் கேட்ட காது.

கார் ஓடாது. உதிரிப்பாகம் ஒன்றும் வராத காலத்தில் எல்லாக் காரையும் போல அதுவும் நின்றுவிட்டது. கிடுகுக் கொட்டிலில், சில்லில்லாமல், கல்லின்மேல் இருந்தது. கரியரில் படங்கு. ஒட்டுப்போட்டு, ஒட்டின்மேல் ஒட்டுப்போட்டு, மாரிக்கு முந்தி வருடா வருடம் அவரே தைப்பாராம்.

அக்காவின் காதோடு வாயை வைத்து ஊர்ப் புதினம் எல்லாம் கத்தினேன். மாஸ்ரர் ஓய்வுபெற்றதைச் சொன்னேன். "பெயாரிங் மாஸ்ரர்" என்று சிரித்தார். பின்னேரக் காற்று எழும்பியது. கடற்கரைப் பக்கம் பட்டங்கள் ஏறியிருக்கவேண்டும். கூவல் கேட்டது. என்னை அறியாமல் என் தலை திரும்பியது.

அக்கா கண்டுவிட்டார். "என்ன, ஏதும் கேக்குதோ?"

"ஓம் அக்கா. விண்."

"எங்கையிருந்து?"

நான் காதைக் கொடுத்தேன். கடற்கரையிலிருந்தா, கொட்டிலிலிருந்தா என்று உண்மையாகவே தெரியவில்லை. படங்கின் ஒரு மூலை அவிழ்ந்து காற்றில் அடித்துக்கொண்டிருந்தது.

"பாத்துக்கொண்டு வரட்டோ?" என்று எழும்பினேன்.

அக்கா என் கையை எட்டிப் பிடித்து இருத்தினார்.

"தேடாதை, பிள்ளை" என்றார்.